[ஃப்ரீஸ்பேஸ் 2 / ஃப்ரெட்] ஆல்ஃபா 2, 3, 4 ஏன் பாதி மிஷனிலேயே சாகிறார்கள்? விங்மேன் சாவை எப்படி அமைப்பது?

#1 நீள்வட்டம்

ஃப்ரீஸ்பேஸ் 2ங்கற விண்வெளிச் சண்டை ஆட்டத்தோட மிஷன் எடிட்டரான ஃப்ரெட்ல ஒரு கான்வாய் மிஷன் கட்டிக்கிட்டு இருக்கேன். மிர்மிடான் ஃபைட்டர் நாலு கொண்ட ஆல்ஃபா விங் (ஆல்ஃபா 1 பிளேயர், மத்த மூணும் கம்ப்யூட்டர் ஓட்டற விங்மேன்), காப்பாத்த வேண்டியது மூணு சரக்குக் கப்பல். எதிரி என்டிஎஃப்ங்கற கிளர்ச்சிப் படை. ஹெர்குலிஸ் ஃபைட்டர் ரெண்டு அலை, அப்புறம் ஒரு ஏயோலஸ் குரூசர். மீடியம்ல ஓட்டினா ஏயோலஸ் வந்து ஒரு நிமிஷத்துக்குள்ள ஆல்ஃபா 2, 3, 4 மூணு பேரும் காலி.

சரின்னு மூணு பேருக்கும் ஷிப்-கார்டியன் (சாக விடாத கட்டளை) போட்டேன். இப்ப தலைகீழ். ஒரு சதவீத ஹல்லோட (கப்பல் உடம்போட) மூணு பேரும் ஏயோலஸைச் சுத்திச் சுத்தி அடிச்சு முடிச்சிடறாங்க. பிளேயர் வேடிக்கைதான் பார்க்கணும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகறாங்க? சாகவே மாட்டாங்கன்னும் இருக்கக் கூடாது, சும்மா ஈசல் மாதிரி விழவும் கூடாதுன்னா என்ன வழி? (ஆபரேட்டர், அதாவது ஃப்ரெட் கட்டளைப் பேர்களைத் தமிழ்ல எழுதறேன், ஃப்ரெட் மெனுவுல அதே உச்சரிப்புல தேடினா கிடைக்கும்.)

#2 கப்பல்காரன்

விங்மேன் உங்க கப்பலையே ஓட்டினாலும் உங்க கணக்குல ஓட்டலை. ஏஐ_ப்ரொஃபைல்ஸ் டேபிளை (ஆட்டத்தோட அமைப்புக் கோப்பு) திறந்து பாருங்க. பிளேயர் டேமேஜ் ஃபேக்டர், பிளேயர் ஷீல்ட் ரீசார்ஜ் ஸ்கேல், பிளேயர் வெப்பன் ரீசார்ஜ் ஸ்கேல்னு வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு எண், வெரி ஈஸியில இருந்து இன்சேன் வரைக்கும். லெவலை இறக்கினா உங்க மேல விழற அடி குறையும், உங்க ஷீல்ட் வேகமா ஏறும். பேர்லயே பிளேயர்னு போட்டிருக்கே, ஆல்ஃபா 2க்கு அந்தச் சலுகை எதுவும் கிடையாது. அதே மிசைல் உங்களைக் கீறும், அவனைக் கிழிக்கும். இந்த ஓரவஞ்சனையைத் தெரிஞ்சுக்காம மிஷன் கட்டினா எல்லா மிஷன்லயும் இதேதான் நடக்கும்.

அடுத்தது ஏஐ கிளாஸ். ஷிப் எடிட்டர்ல ஒவ்வொரு கப்பலுக்கும் தனியா வைக்கலாம். கோவர்டுல ஆரம்பிச்சு லெஃப்டினன்ட், கேப்டன், மேஜர், கர்னல், ஜெனரல். ஏஐ டேபிள்ல இதுங்களுக்கு அக்யூரசி, இவேஷன் மாதிரி எண்கள் லெவல் வாரியா இருக்கு. மேல போகப் போக குறியும் நல்லா இருக்கும், தப்பிக்கறதும் நல்லா இருக்கும். ரெண்டும் சேர்ந்துதான் ஏறும், அதுதான் சிக்கல். எல்லாரையும் ஜெனரல் ஆக்கினா சாவு குறையும், கூடவே எதிரிகளையும் அவங்களே தின்னுடுவாங்க.

மூணாவதா நீங்க குடுத்த ஆரம்ப ஆர்டர். விங் எடிட்டர்ல இனிஷியல் ஆர்டர்ஸ்ல என்ன போட்டிருக்கீங்க?

#3 நீள்வட்டம்

ஏஐ-சேஸ்-எனி, முன்னுரிமை 89.

#4 வால்முனை

அதான் காரணம், வேற எங்கயும் தேட வேண்டாம்.

சேஸ்-எனின்னா கண்ணுல பட்டதையெல்லாம் துரத்தறது. ஹெர்குலிஸ் இருக்கற வரைக்கும் பரவாயில்லை. ஃபைட்டர் தீர்ந்ததும் மிச்சம் இருக்கறது ஏயோலஸ். ஏயோலஸ்ல ஃபைட்டர் கொல்லற ஏஏஏ பீமும் இருக்கு, ஃபிளாக்கும் இருக்கு. பீமை ஒதுங்கித் தப்பிக்க முடியாது, விழுந்த இடத்துல விழுந்ததுதான். ஃபிளாக் கிட்டக்க வெடிச்சாலே அடி. மிர்மிடான்ல பாம் கிடையாதுன்னு உங்க பசங்களுக்குத் தெரியாது. நேரா கிட்டப் போவாங்க, பிரைமரியால (சாதா துப்பாக்கியால) சொரிவாங்க, திரும்பி மறுபடி நேரா வருவாங்க. அந்த ரெண்டாவது சுத்துலதான் சாவு.

ஆர்டரை மாத்துங்க. ஆல்ஃபாவுக்கு ஏஐ-கார்டு, இலக்கு சரக்குக் கப்பல். அப்பவும் ஏயோலஸ் கான்வாய்க்குப் பக்கத்துல வந்தா தானாப் பாய்வாங்க. அதைத் தடுக்க ஏஐ-இக்னோர் ஒண்ணையும் சேர்த்துடுங்க, ஏயோலஸ் பேர் போட்டு. குரூசருக்கு மெடூசா பாம்பர் ரெண்டு பீட்டா விங்கா வரட்டும்.

பிளேயர் கையில இருக்கற ஆயுதத்தையும் பிரீஃபிங்ல சொல்லிடுங்க. சி அழுத்தினா கம்யூனிகேஷன் மெனு, 3 போட்டா ஆல் ஃபைட்டர்ஸ், அதுல இக்னோர் மை டார்கெட். குரூசரை டார்கெட் பண்ணிட்டு இதைக் குடுத்தாலே பாதி உயிர் மிஞ்சும். ஃபார்ம் ஆன் மை விங் குடுத்து மொத்தப் பேரையும் பீம் எட்டாத தூரத்துக்கு இழுத்துட்டு வந்து, அப்புறம் எங்கேஜ் எனிமி குடுக்கலாம். ஆனா ஃபார்மேஷன்ல இருக்கறப்போ பையன் சண்டை போட மாட்டான், அதையும் சொல்லிடணும். ஃபார்மேஷன் குடுத்துட்டு மறந்துபோய், "என் விங்மேன் எல்லாம் பொம்மை"ன்னு திட்டறவங்கதான் அதிகம்.

இன்னொண்ணு, குரூசர் வெடிக்கறப்ப வர்ற அதிர்வலை. கடைசி அடி குடுக்கறவன் எப்பவும் ஒட்டித்தான் நிப்பான்.

#5 நீள்வட்டம்

கார்டு + இக்னோர் வேலை செய்யுது, நன்றி. சாவு இப்ப மூணுல இருந்து ஒண்ணாக் குறைஞ்சிருக்கு. ஆனா அந்த ஒண்ணும் குருட்டுத்தனமா விழுது. பிளேயர் வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கறப்போ ஆல்ஃபா 3 போயிடறான், யாருக்கும் தெரியறதில்லை.

#6 பச்சைராடார்

கார்டியனை மொத்தமாத் தூக்க வேண்டாம். அது சாகாம வைக்கற கருவி இல்ல, சாவைத் தள்ளிப்போடற கருவின்னு எடுத்துக்கங்க. தள்ளிப்போட்ட நேரத்துல விங்மேன் வெளியேறணும். இப்படிச் செய்யலாம்:

முதல் ஈவென்ட் (நிபந்தனை நிறைவேறினா செயல் நடக்கற ஃப்ரெட் விதி), நிபந்தனை ட்ரூ. செயல்: ஷிப்-கார்டியன்-த்ரெஷோல்ட், மதிப்பு 15, கீழே ஆல்ஃபா 2, 3, 4. வெறும் ஷிப்-கார்டியன் ஹல்லை 1 சதவீதத்துல நிறுத்தும். த்ரெஷோல்ட் நீங்க சொல்ற இடத்துல நிறுத்தும்.

அடுத்து ஒவ்வொரு கப்பலுக்கும் தனி ஈவென்ட். ஹிட்ஸ்-லெஃப்ட் ஆல்ஃபா 2, 20க்குக் கீழே போனா: அவனே ஒரு மெசேஜ் அனுப்பறான், அடுத்த வரியில ஆட்-கோல், ஆல்ஃபா 2, ஏஐ-வார்ப்-அவுட் (களத்தை விட்டுத் தாவி வெளியேறற ஆர்டர்), முன்னுரிமை 150.

150ஐ ஏன் சொல்றேன்னா, பிளேயர் தர்ற ஆர்டருக்கு எஞ்சின் வைக்கற எடை விங்குக்கு 95, தனிக் கப்பலுக்கு 100. நீங்க 89ல விட்டா, "கவர் மீ"ன்னு பிளேயர் ஒரு வார்த்தை சொன்னதும் உயிர் ஊசலாடற பையன் திரும்பி வந்து நிப்பான். ஃப்ரெட் எல்லாத்துக்கும் 89ஐயே முன்னிருப்பா நிரப்பறதுக்கும் அதுதான் காரணம். சாதாரண ஆர்டர் பிளேயர் பேச்சுக்கு அடங்கணும். இந்த ஒண்ணு மட்டும் அடங்கக் கூடாது.

தப்பு நடக்கற இடம் இஞ்சின். கார்டியன் ஹல்லைத்தான் காக்கும், சப்சிஸ்டத்தைக் காக்காது. இஞ்சின் சுழியத்துக்குப் போயிட்டா வார்ப் பண்ண முடியாது, 15 சதவீதத்துல அந்தரத்துல மிதந்துக்கிட்டு அடி வாங்கிக்கிட்டே இருப்பான். பார்க்கவே அசிங்கமா இருக்கும். ஷிப்-சப்சிஸ்-கார்டியன்-த்ரெஷோல்ட் போட்டு இஞ்சினுக்கு 30 குடுத்துடுங்க. இது ரெண்டும் ஓப்பன் சோர்ஸ் பில்ட்லதான் உண்டு, 1999 டிஸ்க்ல வந்த பழைய எக்சிக்யூட்டபிள்ல தேடாதீங்க.

சப்போர்ட் ஷிப்பை நம்ப வேண்டாம். அது மிசைல் நிரப்பும், சப்சிஸ்டம் சரி பண்ணும், ஹல்லைத் தொடாது. மிஷன் ஸ்பெக்ஸ்ல ஹல் ரிப்பேர் டிக் பண்ணி, எத்தனை சதவீதம் வரைன்னும் குடுத்தாத்தான் தொடும்.

#7 மீமாவெளி

எல்லாரும் எஞ்சினையே பேசுகிறீர்கள். மூலக் கேள்வியில் இன்னொன்றும் இருக்கிறது: விங்மேன் போனால் பிளேயருக்கு என்ன நட்டம்? ஒன்றும் இல்லையென்றால் அவன் செத்தாலும் பின்வாங்கினாலும் ஒன்றுதான்.

இதற்கு மிகச் சுத்தமான விடை 1997இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் 64. அதில் யாரும் சாவதில்லை. ஃபால்கோ, பெப்பி, ஸ்லிப்பி மூவருக்கும் தனித் தனி ஷீல்ட் பட்டை. தீர்ந்தால் பின்வாங்குவார்கள், அடுத்த மிஷனுக்கு வர மாட்டார்கள், பழுது பார்த்து அதற்கடுத்ததற்கு வருவார்கள். ஸ்லிப்பி இல்லாத மிஷனில் பாஸின் ஷீல்ட் அளவு திரையில் வராது, எவ்வளவு அடித்தோம் என்று தெரியாமலே அடித்துக்கொண்டிருக்க வேண்டும். கொர்னேரியாவில் ஃபால்கோவைத் துரத்தும் எதிரிகளை விரட்டாவிட்டால் வேறு பாதை திறக்காது. மெடல் வேண்டுமென்றால் மூவரும் கடைசி வரை இருக்க வேண்டும். நீங்களே தவறிச் சுட்டால் அவர்களுக்கு அடி விழும், திட்டும் விழும்.

1993இல் வந்த முதல் ஸ்டார் ஃபாக்ஸில் விழுந்தவர் விழுந்தவர்தான், ஆட்டம் முடியும்வரை திரும்ப மாட்டார். தண்டனை பெரிது. ஆனால் ஒருவரை இழந்ததும் மீதி ஆட்டம் முழுக்க அவருடைய வெற்றிடம் ஒரே மாதிரிதான் இருக்கும், அதற்கு மேல் எதுவும் நிகழாது. ஒரே ஒரு மிஷன் வராமல் போகும்போதுதான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது உறைக்கிறது. கடுமையான சாவைவிடச் சின்ன இழப்பு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

#8 கப்பல்காரன்

ஒத்துக்க மாட்டேன். நீங்க சொல்றது வாடகை சைக்கிள் கணக்கு, பங்சர் ஆனா நாளைக்கு வரும். சாவுன்னா சாவா இருக்கணும்.

1990ல வந்த விங் கமாண்டர் ஆட்டத்தைப் பாருங்க. டைகர்ஸ் கிளா கப்பல்ல உங்க கூட எட்டுப் பேர்: ஸ்பிரிட், ஹன்டர், பாஸ்மேன், ஐஸ்மேன், ஏஞ்சல், பாலடின், மேனியாக், நைட். முதல் சிஸ்டம் ஈன்யோவுல ஹார்னெட் ஃபைட்டர்ல ஸ்பிரிட் கூடப் பறப்பீங்க. அவங்க செத்தா ஒரு சவ அடக்கக் காட்சி. பட்டியல்ல அவங்க பேர் செத்தவங்க கணக்குல ஏறிடும். முக்கியமானது அதுக்கப்புறம்தான்: மாற்று ஆள் கிடையாது. அவங்க கூட வரவேண்டிய மிஷன்ல தனியாப் போகணும். பக்கத்துல காலி இடம். உங்க ஸ்லிப்பி ஷீல்ட் பட்டையெல்லாம் இதுக்கு முன்னாடி என்ன?

#9 மீமாவெளி

சவ அடக்கம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்கிறார்? பழைய சேவை ஏற்றி மிஷனைத் திரும்ப ஆடுகிறார். சேவ் கையில் இருக்கும்போது சாவு வெறும் எச்சரிக்கைப் பலகை.

அந்த ஆட்டத்தில் கதைக் கிளை பிரிவதும் விங்மேனை வைத்து அல்ல, மிஷன் இலக்கு நிறைவேறியதா என்பதை வைத்து. வென்றுகொண்டே போனால் கடைசி சிஸ்டம் வெனிஸ், தோற்றுக்கொண்டே போனால் ஹெல்ஸ் கிச்சன். ஸ்பிரிட் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெனிஸ் போகலாம். இன்னும் வேடிக்கை: முதல் ஆட்டத்தில் ஸ்பிரிட்டைப் புதைத்தவரும் 1991இல் இரண்டாம் பாகத்தைப் போட்டால் ஸ்பிரிட் உயிரோடு வந்து பேசுவார். அங்கே ஹெவன்ஸ் கேட் நிலையத்தில் மோதிச் சாவது கதைக்காரர் எழுதிவைத்த சாவு, உங்கள் பறத்தல் எப்படி இருந்தாலும் அது நடந்தே தீரும். பிளேயர் கொடுத்த சாவைத் தொடர்ச்சி தூக்கி எறிந்துவிட்டது.

#10 வால்முனை

ரெண்டு பேரும் ஸ்டார் வார்ஸ் ஆட்டமான டை ஃபைட்டரை விட்டுட்டீங்க. 1994. சாதா டை ஃபைட்டர், இன்டர்செப்டர், பாம்பர் எதுக்கும் ஷீல்ட் கிடையாது. விங்மேன் ஈ மாதிரி விழறான். ஷிஃப்ட்+எஸ் அடிச்சா, மிஷன்ல ஒதுக்கி வெச்சிருந்தா, அடுத்த கூட்டம் வரும். யாரும் அழறதில்லை. பேரரசு ஆள்களை எப்படி நடத்துதோ அப்படியே ஆட்டமும் நடத்துது. அங்க விங்மேன் சாவுக்கு அர்த்தம் இல்லாததுதான் அர்த்தம். சவ அடக்கம் வெச்சா கெட்டுப்போயிருக்கும்.

ஆக, நீள்வட்டம், உங்க கதை எந்த ரகம்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

#11 நீள்வட்டம்

பேர் வெச்ச ஆள்கள் மூணு பேர், அஞ்சு மிஷன் கேம்பெய்ன். பின்வாங்கினவன் அடுத்த மிஷன்ல இருக்கக் கூடாது, அதுக்கடுத்ததுல வரணும். அதாவது மீமாவெளி வழி. ஆனா கடைசி ரெண்டு மிஷன்ல கார்டியனை எடுத்துடப் போறேன், அங்க செத்தா கப்பல்காரன் வழி. மிஷனுக்கு மிஷன் இதை எப்படிக் கடத்தறது?

#12 பச்சைராடார்

ரெண்டு முறை இருக்கு.

பழைய முறை: முதல் மிஷன்ல "ஆல்ஃபா 2 விலகல்"னு ஒரு ஈவென்ட், நிபந்தனை ஹேஸ்-டிபார்ட்டட்-டிலே. அடுத்த மிஷன்ல அந்தக் கப்பலோட அரைவல் கியூவுல (கப்பல் எப்ப வரணும்ங்கற நிபந்தனை) நாட் போட்டு, உள்ளே இஸ்-ப்ரீவியஸ்-ஈவென்ட்-ட்ரூ, மிஷன் ஃபைல் பேர், ஈவென்ட் பேர். மூணாவது ஆர்க்யூமென்ட் விருப்பப்பட்டா குடுக்கறது, தனி மிஷனா ஓட்டறப்ப என்ன பதில்னு சொல்றது. அதைக் குடுக்காம விட்டு டெஸ்ட் பண்ணி, "வேலை செய்யலை"ன்னு இழை போடறவங்க உண்டு.

புது முறை: வேரியபிள். ஆல்ஃபா2_ஓய்வுன்னு ஒரு எண் வேரியபிள், சேவ் ஆன் மிஷன் ப்ரோக்ரஸ். விலகினா 1, அடுத்த மிஷன் முடியறப்ப 0, செத்தா 9. ஓய்வும் சாவும் ஒரே இடத்துல இருக்கறதால உங்க கேஸுக்கு இதுதான் வசதி. சேவ் ஆன் மிஷன் க்ளோஸ் போட்டுடாதீங்க. அது பாதியில வெளியேறினாலும் எழுதிடும். தோத்துத் திரும்ப ஆடறவன் செய்யாத சாவுக்குத் தண்டனை அனுபவிப்பான்.

இப்ப கண்ணுக்குத் தெரியாத பள்ளம். ஆல்ஃபா, பீட்டா, காமா மூணும் லோட்அவுட் திரையில (மிஷனுக்கு முன்னாடி கப்பலும் ஆயுதமும் தேர்ந்தெடுக்கற திரை) வர்ற விங். விங்குக்குள்ள இருக்கற கப்பலுக்குத் தனி அரைவல் கியூ கிடையாது, விங்குக்கு ஒண்ணுதான். மிஷன் தொடங்கினதும் ஷிப்-வானிஷ் போட்டு ஆல்ஃபா 2ஐ மறைச்சுடலாம், வெடிப்பு வராது. ஆனா அதுக்கு முன்னாடி லோட்அவுட் திரையில போன மிஷன்ல செத்தவன் கப்பலுக்கு பிளேயர் உட்கார்ந்து மிசைல் ஏத்திக்கிட்டு இருப்பான். அதனால பேர் உள்ள ஆள்களை ஆல்ஃபாவுல வைக்காதீங்க. ஆல்ஃபாவுல பிளேயர் மட்டும் அல்லது பேரில்லாத ஒருத்தன். மூணு பேரையும் விங் இல்லாத தனிக் கப்பலா வைங்க, அவனவனுக்கு அவனவன் அரைவல் கியூ. ஆயுதத்தை நீங்களே ஷிப் எடிட்டர்ல ஏத்திடுங்க. ஆர்டர் மெனுவுல தனிக் கப்பலுக்கும் ஆர்டர் குடுக்க முடியும், சி, 1.

ரெண்டு மிஷன் இடைவெளி இல்லாம ஒட்டி வந்தா ரெட் அலர்ட் வைங்க. ரெட் அலர்ட் கேரி டிக் பண்ணின கப்பலோட ஹல், ஆயுதம் எல்லாம் அப்படியே அடுத்ததுக்குப் போகும், அழிஞ்சது வராது.

#13 கப்பல்காரன்

சாவு தெரியறதில்லைன்னு #5ல சொன்னாரே, அதுக்கு யாரும் பதில் சொல்லலை.

ஃபைட்டர் செத்த உடனே வெடிக்காது, கொஞ்ச நேரம் உருண்டுக்கிட்டே போகும். அந்த நேரத்துலதான் அலறல் கேட்கும். எல்லாச் சாவுக்கும் கேட்காது. ஷிப் ஃபிளாக்ஸ்ல ஆல்வேஸ் டெத் ஸ்க்ரீம் டிக் பண்ணுங்க, பேர் உள்ள மூணு பேருக்கு மட்டும். எல்லாருக்கும் போட்டா சந்தைக் கூச்சல் ஆயிடும். பர்சோனாவும் (கப்பலோட குரல் தேர்வு) ஆளுக்கு ஒண்ணா வேற வேற வைங்க, இல்லேன்னா மூணு பேரும் ஒரே குரல்ல சாவாங்க.

இரங்கல் வார்த்தை வேணும்னா: இஸ்-டெஸ்ட்ராய்ட்-டிலே, டிலே 3 விநாடி. 0 வெச்சா அலறல் மேலேயே ஏறி ரெண்டும் கேட்காது. அனுப்பறவன் யார்ங்கறதுல கவனம். செத்த கப்பல் பேர்ல மெசேஜ் போட்டா அது போகவே போகாது, எரரும் வராது, சும்மா மௌனம். ஆல்ஃபா 3 பேர்ல வெச்சு அவனும் முன்னாடியே செத்திருந்தா அதே கதி. எனி விங்மேன்னு வைங்க, உயிரோட இருக்கறவன் ஒருத்தன் பேசுவான். ஒருத்தரும் இல்லேன்னா அதுவும் வராது, அந்த நிலைமைக்கு மட்டும் கமாண்ட் பேர்ல தனி ஈவென்ட். வசனம் சுருக்கமா இருக்கட்டும். "ஆல்ஃபா 3 போயிட்டான். கான்வாயை விடாதீங்க." சண்டை நடுவுல நாலு வரி இரங்கல் உரையை யாரும் கேட்க மாட்டாங்க.

#14 மீமாவெளி

இது ஒன்றில் கப்பல்காரனோடு முழு உடன்பாடு. டீபிரீஃபிங்கிலும் (மிஷன் முடிந்தபின் வரும் அறிக்கை) வேரியபிள் 9 என்றால் ஒரு வரி, 1 என்றால் வேறு வரி வையுங்கள். விலகியவனைச் செத்தவன் போலவும் செத்தவனை விலகியவன் போலவும் பேசுகிற டீபிரீஃபிங்தான் இந்த மாதிரி கேம்பெய்ன்களில் அதிகம் கண்ணை உறுத்துவது.

#15 நீள்வட்டம்

மாத்திட்டேன். மூணு பேரும் தனிக் கப்பல், ஏஐ கிளாஸ் மேஜர், கார்டு 89, ஏயோலஸ் மேல இக்னோர், த்ரெஷோல்ட் 15, விலகல் 20, இஞ்சின் 30. மீடியம்ல ஆறு ஓட்டம் பார்த்ததுல நாலுல ஒருத்தன் விலகறான், ஒண்ணுல ரெண்டு பேர், ஒண்ணுல யாரும் இல்லை. குரூசர் இப்ப பிளேயருக்கும் பீட்டாவுக்கும்தான்.

ஒரே பிரச்சினை. விலகறவன் நின்ன இடத்துலயே வார்ப் ஆரம்பிக்கறான். கார்டு பண்ணிக்கிட்டு இருந்ததால அது சரக்குக் கப்பலை ஒட்டின இடம். ரெண்டு தடவை கப்பல்ல போய் இடிச்சுக்கிட்டான்.

#16 பச்சைராடார்

வார்ப்புக்கு முன்னாடி வழி குடுங்க. கான்வாய்ல இருந்து தள்ளி, ஏயோலஸ் வர்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா ரெண்டு புள்ளி உள்ள ஒரு வேபாயின்ட் பாதை வரைஞ்சு வைங்க. விலகல் ஈவென்ட்ல க்ளியர்-கோல்ஸ், அப்புறம் ஆட்-கோல் ஏஐ-வேபாயின்ட்ஸ்-ஒன்ஸ் 160, அதுக்குக் கீழே ஏஐ-வார்ப்-அவுட் 150. பாதை முடிஞ்சதும் முதல் கோல் தானா விழும், ரெண்டாவது எடுத்துக்கும். க்ளியர்-கோல்ஸ் ஆட்-கோலுக்கு மேல இருக்கணும், கீழே போட்டா ரெண்டையும் சேர்த்துத் துடைச்சிடும்.